வயது பத்தொன்பது, தனி அட்டை

ஓய்வு பெற்ற இரண்டாம் மாதம், சென்னையில் இருக்கும் மகள் ஒரு மடிக்கணினியைக் கப்பலில் வந்த தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினாள். அப்பா சும்மா உட்கார்ந்திருந்தால் அம்மாவின் சமையலறைக்கும் ஒரு பதிவேடு திறந்துவிடுவார் என்று பயந்திருப்பாள். நியாயமான பயம்தான். பருப்பு டப்பாக்களுக்கு நான் அதற்குள் எண் ஒட்டியிருந்தேன்.

அந்தமானில், போர்ட் பிளேருக்கு எதிர்க்கரையில் இருக்கும் எங்கள் பாம்பூஃப்ளாட்டில் அப்போது இணையம் மழையைக் கேட்டுக்கொண்டுதான் வரும். செயற்கைக்கோள் வழி இணைப்பு; துறைமுகத்துக்கு மேலே மேகம் கறுத்தால் திரையும் நின்றுவிடும். ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு டம்ளர் காபி ஆறிவிடும். முப்பத்தேழு ஆண்டு கோப்புகளுக்காகக் காத்திருந்து பழகிய எனக்கு இது பெரிய தாமதமாகத் தெரியவில்லை.

அந்த வேகத்தில்தான் ஆள் தேடக் கற்றுக்கொண்டேன். என் தாத்தாவுக்கு அண்ணன் ஒருவர், நாகப்பட்டினத்தில் வெள்ளைக்காரன் கப்பலேறிக் கலாசியாகப் போனவர், திரும்பவில்லை. பிரிட்டனில் நூறு ஆண்டு கடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களைப் பெயர்வாரியாக அட்டவணை போட்டு இணையத்தில் வைத்திருக்கிறார்கள். அன்றைக்குத் துறைமுகத்தில் நின்ற கப்பல்களில் இருந்தவர்களும் அதில் அடக்கம். பெயரைத் தட்டினால் வயது, தொழில், பிறந்த இடம், குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்று வரிசையாக வந்து நிற்கும். தாத்தாவின் அண்ணன் கிடைக்கவில்லை. ஒரு கப்பலில் நம் பக்கத்து ஆட்கள் பதினோரு பேர் இருந்தார்கள். பதினோரு பேருக்கும் வயது முப்பது. எழுதியவனுக்குச் சாப்பாட்டு நேரம் நெருங்கியிருக்கும். எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்று கணக்கெடுப்புகளில் வேலை பார்த்து, கடைசி முறை மற்றவர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தவன் நான். அந்த முப்பது எப்படி வந்தது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அட்டவணையில் தேடுவதற்குச் சில விதிகள் உண்டு. தெரிந்ததையெல்லாம் கொட்டக் கூடாது. ஒரு பெயர், ஒரு ஊர் போதும். வயதை முன்னும் பின்னும் ஐந்து ஆண்டு தளர்த்திக் கொடுக்க வேண்டும். வயதைச் சொன்னவர் ஒருவர், எழுதியவர் ஒருவர், நூறாண்டு கழித்து அதைப் படித்துத் தட்டச்சு செய்தவர் ஒருவர். மூவருமே சரியாகச் செய்திருந்தால்தான் அதிசயம். இதையெல்லாம் என் மனைவிக்கு விளக்கினேன். அவள் அதைச் சுருக்கி, போர்ட் பிளேர் முருகன் கோயிலில் பார்த்தவர்களிடமெல்லாம், "எங்க வீட்டுக்காரர் காணாமப்போன ஆளக் கம்ப்யூட்டர்ல கண்டுபிடிச்சுக் குடுக்கிறார்" என்று விளக்கிவிட்டாள்.

அப்படித்தான், நான் ஓய்வு பெற்று இரண்டு ஆண்டு ஆனபோது, அந்தப் பெண் வந்தார். ஐம்பதை நெருங்கிய வயது. தெற்கே ஒரு தீவில் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றை எழுபதுகளில் அங்கேதான் குடியமர்த்தினார்கள். அப்பா முன்பே இறந்துவிட்டார். சுனாமியில் அம்மாவும் வீடும் போய், சில வருடம் தகர ஷெல்டரில் இருந்துவிட்டு, இப்போது நர்ஸாக வேலை பார்க்கும் மகளோடு போர்ட் பிளேரை அடுத்த சிப்பிகாட் என்ற ஊரில் வாடகைக்கு இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸும் படகும் மாறி, மரவள்ளிக்கிழங்கு ஒரு பையில் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"சார், எங்க அண்ணன் பேரு கம்ப்யூட்டர்ல இருக்கான்னு பாக்கணுங்க."

வெள்ளைக்காரர்களின் கணக்கெடுப்புதான் அதில் இருக்கிறது, நம் நாட்டில் அந்தத் தாள்களிலுள்ள பெயரை யாருக்கும் காட்டச் சட்டம் இடம் தராது என்றேன்.

"அப்ப வூடு வூடா வந்து எழுதிட்டுப் போறாங்களே, ஜனகணனான்னு. அந்தக் காகஜெல்லாம் எங்க போவுது?"

"எண்ணுவாங்க."

"எண்ணிட்டு?"

"எத்தனை பேருன்னு சொல்லுவாங்க. பேரைச் சொல்ல மாட்டாங்க."

"பேரச் சொல்லாத கணக்கு எதுக்கு சார்?"

சமையலறையிலிருந்து என் மனைவி சிரிப்பது கேட்டது. முப்பத்தேழு ஆண்டு சேவையில் எந்த மேலதிகாரியும் என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

கணக்கெடுப்பு இல்லாவிட்டால் என்ன, வாக்காளர் பட்டியல் இருக்கிறது என்றேன். அது தொகுதிவாரியாக இணையத்தில் இருந்தது: பெயர், தகப்பன் பெயர், வயது, வீட்டு எண். நம் ஊருக்கு அதுதான் பெயர் அட்டவணை. ஒரு தாளை எடுத்து, முறைப்படி கேள்விகளைத் தொடங்கினேன். அண்ணனின் பெயர், தகப்பன் பெயர், இலங்கையில் எந்தத் தோட்டம், இந்தியாவில் எங்கே இறங்கினீர்கள், கடைசியாக எங்கே பார்த்தீர்கள்.

கடைசியாகப் பார்த்தது இலங்கையிலிருந்து வந்து இறங்கியவர்களுக்கான கடற்கரை முகாமில். அம்மா, அப்பா, அண்ணன், அவர், ஒரு கைக்குழந்தைத் தம்பி. தம்பி அந்தத் தீவுக்குப் போன வருடமே காய்ச்சலில் போய்விட்டான். அந்தமானிலிருந்து ஆபீஸ்காரர்கள் வந்து ரப்பர் வேலைக்குக் குடும்பங்களைப் பொறுக்கினார்கள். இவர்கள் குடும்பத்தையும் எடுத்தார்கள். கப்பலேறச் சென்னைக்குப் போகும் ரயிலுக்கு முந்தின நாள் பார்த்தால் அண்ணன் பெயர் பட்டியலில் இல்லை.

"ஒரு கிளார்க்கு சார். மெலிஞ்ச ஆளு, கண்ணாடி போட்டிருந்தாரு. அவருதான் எங்க அண்ணனுக்குப் பத்தொம்பது வயசுன்னு எழுதித் தனிக் கார்டாப் போட்டுட்டாரு. எங்க அண்ணனுக்குப் பதினேழுதாங்க. அம்மா அழுதுகிட்டுப் போயி நின்னுச்சு. அடுத்த கப்பல்ல பையன் வந்துடுவான், நீங்க போங்கன்னாரு. நல்ல மனுசன் மாதிரிதான் பேசுனாராம். அம்மா கடைசி வரைக்கும் அந்தக் கிளார்க்கத் திட்டல சார். ஆபீஸ்காரரு சொல்லியிருக்காரு, வருவான்னு சொல்லிட்டே இருந்துச்சு."

என் பேனா தாளில் 'வயது' என்ற கட்டத்தில் நின்றுகொண்டிருந்தது.

எனக்கு அப்போது இருபத்து நான்கு. வேலையில் சேர்ந்து ஓர் ஆண்டுக்குச் சற்று மேல். கண்ணாடி அப்போதே உண்டு. எங்கள் அலுவலகத்திலிருந்து மேலதிகாரி ஒருவரையும் உதவிக்கு என்னையும் அந்த முகாமுக்கு அனுப்பினார்கள். விதி எளிமையானது. ஒவ்வொரு குடும்பத்திலும் வேலை செய்யக்கூடிய இரண்டு பேராவது இருக்க வேண்டும். பதினெட்டு தாண்டிய, மணமாகாத மகன் தனி அட்டை. ஒப்புதல் நாற்பது குடும்பங்களுக்கு. மூன்று வாரம் சலித்தும் முப்பத்தொன்பதுதான் தேறியது. ஒன்று குறைவாக அனுப்பினால் ஏன் என்று விளக்கம் எழுத வேண்டும். விளக்கம் எழுதினால் அதற்கு ஒரு கேள்வி வரும். மேலதிகாரி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். நான் அவரிடம், கவலைப்படாதீர்கள், இருப்பதிலேயே ஒன்றைப் பிரிக்கலாம் என்றேன். மீசை அரும்பிய ஒரு பையன் உள்ள குடும்பம் கைக்கு வந்தது. பதினேழு என்று இருந்ததைப் பத்தொன்பது ஆக்கி, அவனைத் தனி அட்டையில் நாற்பதாவது குடும்பமாகப் போட்டேன். அதிகாரி என் முதுகில் தட்டினார். நீ மேலே வருவாய் என்றார். வந்தேன்.

பட்டியல் மேலே போய்த் திரும்பியது. தனி ஆள் குடும்பமாகாது என்று நாற்பதாவது வரியைச் சிவப்பு மையில் அடித்திருந்தார்கள். பையன் இப்போது தகப்பன் அட்டையிலும் இல்லை, தன் தனி அட்டையை வைத்துக் கப்பலேறவும் முடியாது. ஒரு குறிப்பு எழுதி அவனைத் தகப்பன் அட்டைக்கே திருப்பியிருக்கலாம். அதற்கு விதியில் இடம் இருந்தது, எந்தப் பிரிவு என்றுகூட எனக்குத் தெரியும். ஆனால் முதலில் ஏன் பிரித்தாய் என்ற கேள்வி வரும். அதனால் அந்த அம்மாவிடம் அடுத்த கப்பல் என்றேன். அடுத்த கப்பலுக்கு அப்படி ஒரு பட்டியலே இல்லை.

இதெல்லாம் நினைவுக்கு வரக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. மறந்திருந்தேன் என்று சொல்ல முடியாது. எடுத்துப் பார்க்காமல் வைத்திருந்தேன்.

அவர் என்னை அடையாளம் காணவில்லை. அன்று அவருக்குப் பதினொரு வயது. நான் இன்று வழுக்கைத் தலையும் வயிறுமாக வேறு ஆள். "ஏன் சார் எழுதாம இருக்கீங்க?" என்றார். "வயசு எவ்வளவுன்னு கணக்குப் போடறேன்" என்றேன்.

"இப்ப அம்பத்தஞ்சுங்க. எனக்கும் அவருக்கும் ஆறு வருசம் சரியா. அம்மா செத்த சேதி அவருக்குத் தெரியாது சார். மூத்த புள்ள. அவருக்குச் சொல்லாம அம்மாவுக்கு ஒரு காரியமும் செஞ்ச மாதிரி இல்ல எனக்கு."

ஐம்பத்தைந்து என்று எழுதினேன். என் கையெழுத்து எப்போதும்போல அழகாகத்தான் இருந்தது.

அன்று அவரை அனுப்பிவிட்டு நான் மட்டும் தேடினேன். முகாமிலிருந்து பல குடும்பங்கள் நீலகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனது தெரியும். கோயம்புத்தூர்ப் பக்கம் மில்களுக்குப் போனவர்களும் உண்டு. அந்தத் தொகுதிகளில் பெயரையும் தகப்பன் பெயரையும் போட்டேன். இரண்டும் ஊருக்குப் பத்து பேர் வைத்திருக்கும் பெயர்கள். நான்கு நாள் மழைக்கும் வெயிலுக்கும் இடையில் தேடி ஏழு பேரைப் பிடித்தேன். வயது பொருந்துவதாக இரண்டு பேர். ஒருவர் கோயம்புத்தூர்ப் பக்கம், ஐம்பத்தைந்து. மற்றவர் கூடலூர்ப் பக்கம் ஒரு தோட்டக் குடியிருப்பில், ஐம்பத்தேழு.

ஐம்பத்தேழைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இலங்கையிலிருந்து வந்த பையனிடம் வேறு என்ன காகிதம் இருந்திருக்கும்? முகாமில் நான் எழுதிய தனி அட்டைதான் அவனுடைய ஒரே சான்று. அதைக் காட்டித்தான் வேலைக்குச் சேர்ந்திருப்பான், ரேஷன் கார்டு வாங்கியிருப்பான், ஓட்டுப் பட்டியலில் ஏறியிருப்பான். நான் கூட்டிய இரண்டு வருடம் ஒரு மனிதனின் வாழ்க்கை முழுவதும் கூடவே நடந்து வந்திருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரிடம் இரண்டு பெயரையும் காட்டினேன். "வயசு அம்பத்தஞ்சு இவருக்குத்தான் சரியா இருக்கு" என்று கோயம்புத்தூர்க்காரரைத் தொட்டார். வயதை நம்பக்கூடாது, இன்னொருவரையும் பார்க்கலாம் என்றேன். எப்படிச் சொன்னேன் என்றால், அவர் ஏற்றுக்கொள்ளாத மாதிரி சொன்னேன். கீழே வேலை பார்ப்பவர்களின் யோசனையைக் குறித்துக்கொண்டு ஒதுக்கும் குரல் ஒன்று எனக்கு உண்டு. அந்தக் குரலில் என் யோசனையையே நான் ஒதுக்கினேன்.

"அந்த ஆளுக்கு ரெண்டு வருசம் கூட இருக்கு சார். எங்க அண்ணன் வயசு எனக்குத் தெரியாதா? அம்மா எங்க ரெண்டு பேரு வயசையும் வருசா வருசம் சொல்லும்."

கோயம்புத்தூருக்குப் பதிவுத் தபால் போனது. நான்தான் எழுதினேன். முகாம், தோட்டம், தங்கச்சி, எல்லாம் சேர்த்து நல்ல கடிதம். நர்ஸ் மகளின் செல்பேசி எண்ணையும் போட்டோம். மூன்றாவது வாரம் ஒருவர் அந்த எண்ணுக்கு அழைத்தார். மரியாதையாகப் பேசினாராம். தான் திருப்பூரில் பிறந்தவர், இலங்கையைப் பார்த்ததில்லை, உங்கள் அண்ணன் சீக்கிரம் கிடைக்கட்டும் என்றாராம். ஆனால் அழைப்பு வந்த முதல் நிமிடத்திலேயே இந்தப் பெண் "அண்ணே" என்று அழுதிருக்கிறார். அந்த மனிதர் வாயைத் திறப்பதற்குள் அம்மா போன சேதியைச் சொல்லியிருக்கிறார். யாரோ ஒரு மில் தொழிலாளிக்கு.

இதை அவர் வந்து என்னிடம் சொன்னபோது என் மனைவி பக்கத்தில் இருந்தாள். மற்றவரையும் பார்த்துவிடலாமே என்று அவள்தான் சொன்னாள்.

"வேணாங்க அக்கா. இன்னொரு வேத்து ஆள அண்ணேன்னு கூப்புட்டு ஏமாற என்னால ஆகாது. அவருக்கு வயசே ஒத்துக்கல. போதும்."

அவர் படகுக்குப் போன பிறகு மனைவி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் நாள் அவர் கொண்டுவந்த மரவள்ளிக்கிழங்கை நான் தொடவே இல்லை என்பதை அவள் கவனித்திருந்தாள்.

"என்னங்க, அந்தக் கூடலூர் ஆள்தான்னு உங்களுக்குத் தெரியும், இல்ல?"

"எப்படிச் சொல்ற?"

"தெரியாத விஷயம்னா நீங்க ஒரு மணி நேரம் விளக்குவீங்க. தெரிஞ்சதுக்குத்தான் வாயே திறக்க மாட்டீங்க."

அவளிடம் சொன்னேன். திருமணத்துக்கு முன்பு நடந்தது என்று தொடங்கினேன், அது ஒரு சலுகை என்பதுபோல. முடித்ததும், "அப்ப அந்தக் கோயம்புத்தூர்க்காரருக்குக் கடிதம் போட விட்டது எந்த ரூல்ல வருது?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போனாள்.

அதற்குப் பிறகும், நான் அவரிடம் போக மூன்று வாரம் ஆனது. வெட்கத்தோடு சொல்கிறேன், அந்த மூன்று வாரமும் நான் சும்மா இருக்கவில்லை. என் பெயரை இழுக்காமல் இதை நிரூபிக்க வேறு வழி இருக்கிறதா என்று தேடினேன். கூடலூர்க்காரரின் வீட்டு எண்ணில் இருந்த மற்ற பெயர்களைப் பார்த்தேன். ஒரு மனைவி, இரண்டு மகள்கள். மகளுக்குத் தாயின் பெயரை வைத்திருந்தால், பாருங்கள் உங்கள் அம்மா பெயர் என்று காட்டித் தப்பித்திருப்பேன். இரண்டு பெண்களுக்கும் சினிமாப் பெயர்கள். என் வசதிக்காக யாரும் பெயர் வைத்திருக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலைப் படகில் சாத்தம் படகுத்துறையில் இறங்கி, சிப்பிகாட் பஸ் பிடித்தேன். சுனாமிக்குப் பிறகு தரை இறங்கிப்போனதில் வயல்களுக்குள் கடல் வந்து நிற்கிறது. பஸ் ரோட்டின் இரண்டு பக்கமும் தண்ணீர், அதில் பட்டுப்போன தென்னைகள். பையில் கூடலூர்ப் பட்டியலின் நகல். என்ன சொல்வது என்று ஒரு தாளில் குறிப்பும் எழுதி வைத்திருந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று.

அவர் துணி துவைத்துக்கொண்டிருந்தார். மகள் ட்யூட்டிக்குப் போயிருந்தாள். சாரே வீட்டுக்கு வந்துவிட்டாரே என்று பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. குறிப்பையும் எடுக்கவில்லை.

"கூடலூர்ல இருக்கறவர்தாம்மா உங்க அண்ணன்."

"வயசு ஒத்துக்கலன்னு சொன்னேனே சார்."

"அந்த வயசு நான் எழுதினது. முகாம்ல இருந்த கிளார்க் நான்தான்."

கையிலிருந்த துணியைப் பிழிந்து முடித்தார். அதை வாளியில் போட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அதில் மெலிந்த, கண்ணாடி போட்ட ஓர் ஆளைத் தேடுகிறார் என்று தெரிந்தது.

"ஏன் அப்படி எழுதுனீங்க?"

சொன்னேன். நாற்பது, முப்பத்தொன்பது, ஒப்புதல், விளக்கம். வாழ்நாளில் எத்தனையோ பேருக்கு நடைமுறையை விளக்கியிருக்கிறேன். அன்று விளக்கியபோதுதான் அது எவ்வளவு சின்ன விஷயம் என்று என் காதிலேயே விழுந்தது.

"ஒரு குடும்பம் கொறையுதுன்னு எங்கள ரெண்டாக்கிட்டீங்க."

"ஆமா."

"அடுத்த கப்பல்னு அம்மாகிட்ட சொன்னது?"

"நான்தான்."

"வராதுன்னு தெரிஞ்சா சொன்னீங்க?"

"தெரிஞ்சுதான்."

அவர் வாளியை எடுத்துக்கொண்டு கொடிக்குப் போனார். ஒவ்வொரு துணியாக உதறிப் போட்டார். நான் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். கடைசித் துணிக்கு கிளிப் போட்டுவிட்டு வந்து, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "அந்தக் காகஜக் குடுங்க" என்றார். பட்டியலின் நகலைக் கொடுத்தேன். ஐம்பத்தேழு என்ற எண்ணின் மேல் விரலை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப இது எங்க அண்ணன்தான்."

கடிதம் எழுதித் தருகிறேன் என்றேன். வேண்டாம், மகள் எழுதுவாள் என்றார். போகச் சொல்லவில்லை; டீ போடட்டுமா என்றும் கேட்கவில்லை. பஸ் எப்போது என்று எனக்கே தெரியும், எல்லா பஸ் நேரமும் எனக்குத் தெரியும், நானே கிளம்பினேன்.

ஒரு மாதம் எந்தச் செய்தியும் இல்லை. கணினியைத் திறக்கவில்லை. மனைவி அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவைத்தாள். அண்ணன் உயிரோடு இருக்கிறாரா, கடிதம் போய்ச் சேர்ந்ததா, எதுவும் தெரியாது. கேட்க எனக்கு உரிமை இல்லை என்று சொல்லிக்கொண்டேன். கேட்கத் தைரியம் இல்லை என்பதுதான் சரியான வாசகம்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். கையில் பை எதுவும் இல்லை. நான் எழுந்து நின்றேன். அவர் என் மனைவியைப் பார்த்து, "அண்ணன் பேசினாரு அக்கா" என்றார். என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் இருவரும் அழுதார்கள். நான் அந்த அறையில் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றேன்.

அண்ணன் தோட்டத்தில் மேஸ்திரியாக இருக்கிறாராம். அம்மாவுக்குக் காரியம் செய்ய அடுத்த கப்பலுக்கு டிக்கெட் பார்க்கிறார்களாம். 'அடுத்த கப்பல்' என்ற வார்த்தையை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க எழுதுனது அவருக்குத் தெரியாது சார். அவரு வேற மாதிரி நெனச்சிட்டு இருந்தாரு. முகாம்ல அவருக்கும் அப்பாவுக்கும் ஒரே சண்ட, சிலோன்ல ஒரு பொண்ணு விசயமா. அப்பா உள்ளார போயிட்டு வெரல்ல மையோட வந்தாரு, ஒண்ணும் பேசல. அப்புறம் பாத்தா இவரு தனிக் கார்டு. அப்பாதான் என்னைய வெட்டி வுட்டுட்டாருன்னு இத்தன வருசமும் நெனச்சிருக்காரு. அதனாலதான் எங்களத் தேடவே இல்லையாம்."

நான் உட்கார்ந்தேன்.

ஒரு கப்பலைத் தவறவிட வைத்தது என் குற்றம் என்று நினைத்திருந்தேன். அதற்கு ஓர் அளவு இருந்தது. தூக்கிப் பார்த்து, கனமாகத்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளக்கூடிய அளவு. ஒரு மகன் தன் தகப்பனைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருந்தான் என்பது அந்தக் கணக்கில் இல்லவே இல்லை. அந்தத் தகப்பன் அது தெரியாமலேயே செத்தார், அல்லது தெரிந்தே செத்தார்.

"நான் போன்ல சொன்னேன், அப்பா இல்லண்ணே, ஒரு கிளார்க்கு பண்ணதுன்னு. அவரு நம்ப மாட்டேங்குறாரு. அப்பாவக் காப்பாத்தச் சொல்றன்னு நெனைக்குறாரு. அந்தக் கிளார்க்கு எழுதித் தரட்டும்ன்றாரு. அப்பா சொல்லி எழுதுனதா, இல்லையா. அது மட்டும் போதுமாம்."

மேசை இழுப்பறையிலிருந்து தாளை எடுத்தேன். கை, பழக்கத்தில், இடதுபுறம் ஓரம் விட்டு மடித்தது. அலுவலகக் கடிதம்போல மேலே எண்ணும் பொருளும் எழுதப் போய் நிறுத்தினேன்.

சிப்பிகாட்டில் நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாக நினைத்திருந்தேன். சொல்லவில்லை. அந்த அறையில் தகப்பன் என் மேசைக்கு எதிரில் நின்றதை விட்டுவிட்டேன். குடும்பத் தலைவரை மட்டும்தான் உள்ளே அழைப்போம். அவர் படிக்கத் தெரியாதவர். ஆனால் நான் பத்தொன்பது என்று உரக்கச் சொல்லி எழுதியதைக் கேட்டார். ஐயா, பதினேழுங்க, என் மகன் என்கூட இருக்கணும் என்றார். நான் எழுதிக்கொண்டே இருந்தேன். மறுபடியும் சொன்னார். தோட்டத்தில் துரைக்கு முன்னால் நிற்பதுபோல, தலைத்துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆனால் சொன்னார். உமக்குச் சட்டம் தெரியுமா, எனக்குத் தெரியுமா, கையை நீட்டும் என்றேன். அவர் பெருவிரலை நானே பிடித்து மையில் வைத்து எடுத்தேன்.

அதை எழுதினேன். என் பெயர், அப்போதைய பதவி, இப்போதைய முகவரி. உங்கள் தந்தை உங்களைப் பிரிக்கச் சொல்லவில்லை. இரண்டு முறை மறுத்தார். அவர் விரலை நான் பிடித்து வைத்தேன். மை அதனால்தான் இருந்தது. வெளியே வந்து உங்களிடம் பேசாமல் இருந்தது, என்னிடம் தோற்றுப்போன வெட்கத்தில் இருக்கலாம். அது எனக்குத் தெரியாது, தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். கையெழுத்துப் போட்டேன்.

அவர் தாளை வாங்கி, எழுத்துக் கூட்டி, மெதுவாகப் படித்தார். விரல் பற்றி வரும் இடத்தில் நின்று திரும்பப் படித்தார்.

"இத அன்னிக்கு எங்கிட்ட சொல்லலியே சார்."

"சொல்லல."

"எங்க அப்பா ரெண்டு தடவ சொன்னாரா?"

"ரெண்டு தடவ."

தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். மூன்று மணிப் படகைப் பிடிக்க வேண்டும் என்று என் மனைவியிடம் சொல்லிக்கொண்டு இறங்கினார். மனைவி படகு ஜெட்டி வரை கூடப் போனாள். நான் போகவில்லை.